இல்லாத கம்பனி ஒன்றின் வரலாறு

அந்த இரண்டு மரப்பெட்டிகளையும் சாருஜன் டென்மார்க்கின் ஹேர்னிங்கில் ஒரு பழஞ்சாமான் சந்தையில் வாங்கி வந்தது போன வருடம் ஓகஸ்ட் மாதம். யாரோ இறந்துபோனவரின் பண்ணைவீட்டைத் துப்புரவாக்கிக் கொடுத்த ஆள் அவற்றைத் தன் மேசைக்குக் கீழே தள்ளி வைத்திருந்தான். எந்த வீடு, எந்த ஊர் என்று சாருஜன் கேட்கவில்லை. அப்போது அது முக்கியமென்று யாருக்குத் தெரியும்?

வைலேயில் தங்கள் வீட்டுக் குசினி மேசையில் வைத்துத் திறந்தபோது அவன் மனைவி மேனுஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே அட்டை அட்டையாக நகைகள். சட்டையில் குத்தும் புறோச்சுகள், கழுத்துப்பட்டி ஊசிகள், ஆண்கள் பொக்கற் மணிக்கூட்டில் மாட்டும் சங்கிலிகள். எல்லாம் தங்க முலாம் பூசிய பித்தளை. நூறு வருடத்துக்கு மேல் யாரும் தொடாமல், அட்டையில் குத்தியபடியே இருந்தன. ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ‘எச். பி. அன்ட் கோ., சிக்காகோ’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. பெட்டியின் அடியில் விரித்திருந்த பத்திரிகைத் தாள் 1912ஆம் ஆண்டினது. அதற்கும் கீழே ஒரு புகைப்படம்: அடுக்கிய பெட்டிகளுக்கு முன்னால் ஐந்து ஆண்கள். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மேனுஜா இணையத்தில் இரண்டு நாள் தேடினாள். அமெரிக்க மொத்த நகை வியாபாரிகளின் பட்டியல்கள், பழைய விளம்பரங்கள் எல்லாம் பார்த்தாள். அந்தக் காலத்தில் அப்படி நூற்றுக்கணக்கான கம்பனிகள் இருந்திருக்கின்றன. எச். பி. மட்டும் எங்கேயும் இல்லை.

பெட்டிச் சாமானை ஒவ்வொன்றாக இணையத்தில் விற்கலாம் என்பது சாருஜனின் யோசனை. படம் எடுப்பதும் விபரம் எழுதுவதும் மேனுஜாவின் வேலை. முதல் கிழமையில் மூன்றுதான் போயின. நாலாவதாக ஓகூஸிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘இந்தப் புறோச் அழகாக இருக்கிறது. இதை யார் செய்தார்கள்? இதற்கு ஏதும் கதை உண்டா?’

‘தெரியாது’ என்று எழுதத்தான் மேனுஜா உட்கார்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோறு அடுப்பில் கிடந்தது.

நாலு வயதில் தாயின் இடுப்பில் டென்மார்க்குக்கு வந்தவள் அவள். ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் வரலாறு படித்தாள். கல்யாணமும் பிள்ளையும் வர அதை விட்டுவிட்டு ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பனியின் ஒஃபிசில் சேர்ந்தாள். பதின்மூன்று வருடமாக அவள் எழுதியதெல்லாம் ‘உங்கள் பொதி தாமதமாவதற்கு வருந்துகிறோம்’ என்ற வசனம்தான். அன்றைக்கு அந்தக் கேள்வியைப் பார்த்ததும் விரல்கள் தாமாகவே ஓடின. எச். என்றால் ஹாலம். பி. என்றால் பிறைஸ். ‘ஹாலம் அன்ட் பிறைஸ், மொத்த நகை வியாபாரிகள், சிக்காகோ, 1904 முதல் 1931 வரை.’

ஒரு பந்தியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. விற்பனையாளர்கள் மாதிரிப் பெட்டியோடு ரயிலேறிச் சமவெளியின் சின்னச் சின்ன ஊர்களுக்குப் போவார்கள் என்று எழுதினாள். விடுதி அறைக் கட்டிலில் வெல்வெற் தட்டுகளைப் பரப்பி வைத்து, அந்த ஊர் மணிக்கூடு திருத்துகிறவரை அழைத்துக் காட்டுவார்கள். நத்தார்ப் பண்டிகைக்கான விலைப்பட்டியல் ஓகஸ்டிலேயே அச்சுக்குப் போய்விடும். இதெல்லாம் அந்த இரண்டு நாள் தேடலில் வாசித்தது; பொதுவாக உண்மைதான். பெயர்கள்தான் பொய். படத்தில் நடுவில் நின்ற மீசைக்காரனை முதலாளி எட்வின் ஹாலம் ஆக்கினாள். அவனுக்கு ஒரு பிறந்த ஊர் கண்டுபிடிக்கப் பஞ்சிப்பட்டு, ‘தன் பிறப்பிடத்தையும் விட்டுவந்த குடும்பத்தையும் பற்றி அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை’ என்று எழுதி முடித்தாள்.

சோறு அடிப்பிடித்திருந்தது. அவள் வெகுநாள் அப்படி மகிழ்ச்சியாக இருக்கவில்லை.

புறோச் அன்றே விற்றது. சாருஜன் வாசித்துவிட்டு, “உதெங்கையப்பா கண்டுபிடிச்சனீர்?” என்று கேட்டான்.

“கண்டுபிடிக்கேல்லை. எழுதினனான்.”

அவன் இன்னொரு தரம் வாசித்தான். “ஆருக்கும் நட்டமில்லைத்தானே” என்றான்.

ஆருக்கும் நட்டமில்லை என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் கதை வளர்ந்தது. வாங்கியவர்கள் கேள்வி கேட்டார்கள். கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. ஹாலமுக்கு ஒரு மனைவி, எலினோர், ரூத் என்று இரண்டு பெண்பிள்ளைகள், ஏரிக்கரையில் ஒரு வீடு. ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க ஒரு கொப்பி வைத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். ஓடன்சவில் பழைய மணிக்கூடு சேகரிப்போரின் சங்கம் ஒன்று அவளுடைய பக்கத்தைத் தங்கள் சஞ்சிகையில் எடுத்துப் போட்டது. அந்தச் சஞ்சிகையை ஆதாரமாகக் காட்டி யாரோ இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் தொடங்கினார். அந்தப் பக்கத்தைப் பார்த்து உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் போன் எடுத்தார். ஜனவரியில் அவளுடைய படமும் ஐந்து ஆண்களின் படமும் அரைப்பக்கத்தில் வெளிவந்தன. தலைப்பு: ‘மறந்துபோன நகைக் கம்பனியை மீட்ட வைலே பெண்.’ நூலகத்திலிருந்து கடிதம் வந்தது, மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்து பேச முடியுமா என்று.

மகள் ஷாமிலாவுக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் ஹாலம் கம்பனியைப் பற்றிப் பேசி ஆகக்கூடிய புள்ளி வாங்கியிருந்தாள். “அம்மா, எல்லாரும் கை தட்டிச்சினம்” என்று டேனிஷில் சொன்னாள். மேனுஜா அவளைக் கட்டிப்பிடித்தாள். பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள்.

இதை எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பத்திரிகை வந்ததற்குப் பிறகு சாருஜனும் பயப்படத் தொடங்கியிருந்தான். அவன் யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணத்தோடு வந்தவன். மொழிப் பரீட்சை, குடியுரிமைப் பரீட்சை எல்லாம் பாஸ்பண்ணி விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

“இனி வாயைத் திறவாதையும்” என்றான். “ஒரு தண்டப்பணம் என்ர பேரிலை வந்தாக் காணும். வருசக்கணக்கிலை தள்ளிப்போடுவினம். விக்கிற பக்கம் என்ர பேரிலைதானே இருக்கு.”

பெப்ரவரி தொடக்கத்தில் எல்சே போன் எடுத்தாள்.

எல்சே மொர்டன்சனுக்கு எண்பத்தாறு வயது. வைலேயிலிருந்து ஹேர்னிங் போகும் ரயில் பாதையில் உள்ள யெல்லிங்கில் தனியாக இருந்தாள். பத்திரிகையில் வந்த படத்தைப் பற்றிப் பேச வேண்டும், தனக்கு ரயிலேறி வர முடியாது, நீ வருவாயா என்று கேட்டாள். மறுக்க மேனுஜாவுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு காரை எடுத்துக்கொண்டு போனாள்.

சிவப்புச் செங்கல் வீடு. மேசையில் கோப்பியும் பிஸ்கற்றும் வைத்து, நடுவில் பத்திரிகைத் துண்டையும் ஒரு பூதக்கண்ணாடியையும் வைத்திருந்தாள் எல்சே. வரவேற்புப் பேச்சு ஒன்றுமில்லை.

“நடுவில் நிற்கிறவனின் இடதுகையைப் பார்” என்றாள்.

மேனுஜா பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள். பெட்டியின் மேல் ஊன்றியிருந்த கையில் சின்னவிரலும் மோதிரவிரலும் அடியோடு இல்லை. அந்த மனிதனைப் பற்றி நாலு பக்கம் எழுதியவள் ஒருநாளாவது அவன் கையைப் பார்க்கவில்லை.

“பதினைந்து வயதில் வைக்கோல் வெட்டுகிற மெசினில் போனது” என்றாள் எல்சே. “அவன் பெயர் ஹாலம் இல்லை. யென்ஸ் பேட்டர். என் அம்மாவின் அண்ணன். 1911இல் அமெரிக்காவுக்குப் போனான். மூன்று கடிதம் வந்தது. கடைசிக் கடிதம் சிக்காகோவில் இருந்து, 1913. அதோடு சரி.”

மேனுஜா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். “உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?”

“முகமும் அதுதான். எங்களிடம் ஒரு படம் இருந்தது.” எல்சே கோப்பையைச் சுற்றிப் பிடித்தபடி சொன்னாள். “என் அம்மம்மா ஏழைகள் விடுதியில் செத்தவள், தெரியுமா? 1927இல். அங்கே போனவர்களின் பெயரை ஊரில் யாரும் பிறகு சொல்வதில்லை. அம்மா மட்டும் அண்ணனை விட்டுக்கொடுக்கவேயில்லை. ‘உயிரோடு இருந்தால் எழுதியிருப்பான், அவன் செத்துப்போனான்’ என்று எண்பத்தேழு வயதுவரை சொன்னாள். அவனுடைய படத்தைக் கட்டிலுக்கு மேலே மாட்டி வைத்திருந்தாள். இப்போது நீ எழுதியிருக்கிறாய், அவன் பெயரை மாற்றிக்கொண்டு முதலாளியாகி, ஏரிக்கரையில் வீடு கட்டி இருந்தான் என்று. குடும்பத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று. நன்றாக எழுதியிருக்கிறாய். நாலு தரம் வாசித்தேன்.”

இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். பிறகு எத்தனையோ முறை மேனுஜா இதை நினைத்தாள். வாயைத் திறந்தும் விட்டாள். ஆனால் எல்சே முந்திக்கொண்டாள்.

“பிள்ளைகள் இருந்தார்களா?”

“இரண்டு... இரண்டு பெண்கள்.”

“பெயர்?”

“எலினோர். ரூத்.”

எல்சே ஒரு பழைய கடித உறையைத் திருப்பி அதில் எழுதினாள். எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்டாள். மேனுஜா ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். “அப்படியென்றால் எனக்கு அமெரிக்காவில் மச்சாள்மார் இருந்திருக்கிறார்கள்” என்றாள் எல்சே.

போகும்போது மேனுஜா அந்தப் பழைய படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஒப்பிட்டுப் பார்த்து, இது வேறு ஆள் என்று சொல்லிவிடலாம் என்ற ஒரு நப்பாசை.

“இல்லை. போன சனிக்கிழமை எறிந்துவிட்டேன்” என்றாள் எல்சே. “பிரேமோடு சேர்த்து, மகனின் காரில் கொண்டுபோய்க் குப்பை நிலையத்தில் போட்டேன். அவனை என் சுவரில் வைத்திருக்க எனக்குத் தேவையில்லை.”

அடுத்த நாள் வேலையில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு மேனுஜா அந்தக் குப்பை நிலையத்துக்குப் போனாள். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஆள் வெறும் கொள்கலனைக் காட்டினான். “அது அன்றைக்கே எரிக்கப் போய்விட்டது. நகையா?”

“படம்.”

“படமென்றால்...” என்று சொல்லிக் கையை விரித்தான்.

அன்று பின்னேரம் சாருஜனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“நீர் என்ன செய்யப்போறீர்?”

“சொல்லத்தான் வேணும்.”

“ஆருக்கு? அந்த மனுசிக்கு மட்டும் சொன்னா அவ பத்திரிகைக்குச் சொல்லுவா. பத்திரிகையிலை வந்தா வாங்கின சனம் பொலிசுக்குப் போகும். பொய் சொல்லி வித்ததுக்கு என்ன பேர் தெரியுமோ?”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டு கதைக்கிறீர்.” அவன் குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. “பதினாலு வருசம் வெயர்ஹவுசிலை முறிஞ்சனான். ஒரு சிவப்புச் சிக்னலிலைகூட நான் நடந்ததில்லை. ஒரேயொரு கடதாசிக்காக. உமக்கு அது சின்ன வயசிலேயே கிடைச்சிட்டுது, உமக்கு விளங்காது.”

அவன் சொன்னதில் பொய்யே இல்லை. அவளுடைய சொந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இருந்தது. சுவரைக் கட்டியவளும் அவளேதான்.

ஆகவே பாதிவழி ஒன்று தேடினாள். எல்சேக்குப் போன் எடுத்து, புதிய ஆதாரம் கிடைத்திருக்கிறது, படத்தில் நிற்பவர் ஹாலம் இல்லையாம், பெட்டி அடைக்கிற தொழிலாளியாக இருக்கலாம் என்றாள். அப்படியென்றால் யென்ஸ் பேட்டர் பணக்காரனில்லை, பெயர் மாற்றவில்லை, யாரையும் கைவிடவில்லை. எல்லாருக்கும் நல்லது.

எல்சே உடனே கேட்டாள்.

“என்ன ஆதாரம்?”

“ஒரு கடிதம்.”

“யார் எழுதியது?”

“அந்தக் கம்பனி ஆள் ஒருவர்.”

“கொண்டு வந்து காட்டு” என்று சொல்லி எல்சே போனை வைத்தாள்.

மேனுஜா அந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினாள் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய தாள் எங்கே வாங்கலாம் என்று தேடினாள். ஒஃபிசில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், 1914ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் இரண்டு வசனம் எழுதிப்பார்த்தாள். நன்றாகவே வந்தன. தனக்கு இது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று கண்டபோதுதான் அவள் நிறுத்தினாள். கதிரையை விட்டு எழுந்து, தலைவலி என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு, நேராக யெல்லிங்குக்குக் காரை விட்டாள்.

எல்சே கதவைத் திறந்தபோது மேனுஜாவின் கையில் கொப்பியும் அசல் புகைப்படமும் இருந்தன. மேல்சட்டையைக் கழற்றாமலே சொன்னாள்.

“ஹாலம் என்று ஒருவர் இல்லை. பிறைஸ் இல்லை. நான்தான் எழுதினேன். பெட்டியில் இரண்டு எழுத்தும் ஊர்ப்பெயரும் மட்டும்தான் இருந்தன. இந்தப் படமும் இருந்தது. வேறொன்றும் எனக்குத் தெரியாது.”

எல்சே சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய் உட்கார்ந்தாள். கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகத் தட்டினாள். ஏரிக்கரை வீடு, திருமணத் தேதி, நாயின் பெயர்.

“எலினோர்?”

“இல்லை.”

“ரூத்?”

“இல்லை.”

“என் மகன் ஓடன்சவில் இருந்து ஒவ்வொரு நாளும் அவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறான்.”

மேனுஜா அழுதாள். எல்சே அழவில்லை. அழுகையைப் பார்க்காதவள்போல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூன்று கிழமை” என்றாள் கடைசியில். “மூன்று கிழமையாக என் அம்மாவை முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய கல்லறைக்குப் போய் அதைச் சொல்லியும் விட்டேன். அவளுக்கு அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.”

“என்னை மன்னித்து...”

“வேண்டாம். அந்தப் படத்தை வைத்துவிட்டுப் போ. நூலகத்தில் பேச இருக்கிறாய்தானே? அன்றைக்கு நான் வருவேன். மகன் கூட்டிக்கொண்டு வருவான்.”

பேச்சுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. “காய்ச்சல் எண்டு சொல்லிவிடும்” என்றான் சாருஜன். பிறகு கெஞ்சினான். பிறகு பேசாமலே இருந்தான். ஒருநாள் காலை மேனுஜா எழும்ப முன்னமே அவன் விற்பனைப் பக்கத்தைத் தன் பெயரிலிருந்து அவள் பெயருக்கு மாற்றியிருந்தான். அதைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. செய்திருக்க வேண்டியதுதான். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ கழன்றது.

ஷாமிலாவுக்கு முதல்நாள் சொன்னாள். தமிழில் தொடங்கி, சரியாக விளங்க வேண்டும் என்று டேனிஷுக்கு மாறினாள். பிள்ளை முகம் சிவக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் வகுப்பிலை சொன்னது எல்லாம் பொய்யா?”

“ஓம்.”

“ரீச்சருக்கு நான் என்ன சொல்ல?”

“அம்மா ஏமாத்திப்போட்டா எண்டு சொல்லு.”

“நான் சொல்ல மாட்டன். நீ வந்து சொல்லு” என்று டேனிஷில் கத்திவிட்டு அறைக்குள் போய்விட்டாள். மேனுஜா அன்றே ரீச்சருக்கு எழுதினாள். அதுதான் அவள் எழுதிய முதல் ஒப்புதல். நாலு வரி எழுத ஒரு மணித்தியாலம் எடுத்தது.

சனிக்கிழமை நாற்பது கதிரை போட்டிருந்தார்கள். நிற்கவும் ஆட்கள் இருந்தார்கள். எல்சே இரண்டாவது வரிசையில், மேல்சட்டையின் பொத்தான் எல்லாம் பூட்டியபடி இருந்தாள். சாருஜன் வரவில்லை. நூலகப் பெண் மேனுஜாவை அறிமுகப்படுத்தி, ‘நம் ஊரின் பெருமை’ என்று சொல்லி முடித்தாள்.

மேனுஜா ஒலிவாங்கியைச் சரிசெய்தாள். “இந்தக் கம்பனியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டு எழுத்தும் ஒரு ஊரின் பெயரும்தான்” என்றாள். “மிச்சம் எல்லாம் நான் கட்டியது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

எதை எப்போது கட்டினாள் என்று வரிசையாகச் சொன்னாள். கொப்பியிலிருந்து வாசித்தாள். வாங்கியவர்கள் எல்லாரும் திருப்பித் தரலாம், காசைக் கொடுக்கிறேன் என்றாள். அவள் யென்ஸ் பேட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது எல்சேயின் விடயம். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு தம்பதி எழுந்து போனார்கள். நிருபர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

ஓடன்சச் சங்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எழும்பினார். “ஆனால் எங்கள் சஞ்சிகையில் வந்திருக்கிறதே?”

“அது என்னுடைய பக்கத்தில் இருந்து எடுத்தது.”

“கலைக்களஞ்சியத்திலும் இருக்கிறது.”

“அது உங்கள் சஞ்சிகையில் இருந்து எடுத்தது.”

அவர் விடவில்லை. “எனக்குத் தெரிந்த அமெரிக்கர் ஒருவர் ஹாலம் அன்ட் பிறைஸ் சங்கிலி வைத்திருக்கிறார். அட்டையிலேயே பெயர் இருக்கிறதாம். நீ கற்பனை என்று நினைத்துக்கொண்டு எழுதியது தற்செயலாக உண்மையாகவும் இருக்கலாம், இல்லையா?”

சிலர் சிரித்தார்கள். மேனுஜாவுக்குச் சிரிக்க முடியவில்லை. தன் கம்பனியின் பெயரை யாரோ அட்டையில் அச்சடிக்கவும் தொடங்கிவிட்டார்கள் என்று அவளுக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன. பதினொரு பேர் நகையைத் திருப்பி அனுப்பினார்கள். மற்றவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஓகூஸ் பெண், ‘எனக்கு அந்தக் கதை பிடித்தது, அது போதும்’ என்று எழுதினாள். அந்தக் கடிதம்தான் மேனுஜாவை அதிகம் வருத்தியது. கலைக்களஞ்சியப் பக்கத்தை அழிக்க அவள் ஆறு தரம் முயன்றாள். ஒவ்வொரு முறையும் யாரோ திரும்பப் போட்டார்கள். திருத்துபவர் இதில் சம்பந்தப்பட்டவர், அவர் சொல்லை ஆதாரமாக ஏற்க முடியாது என்றார்கள். பத்திரிகை அவளுடைய ஒப்புதலைச் சின்னதாக உள்பக்கத்தில் போட்டது. அதை இணைத்து அனுப்பினாள். ‘சர்ச்சை’ என்று ஒரு உபதலைப்பு போட்டு ஒரு வரி சேர்த்தார்கள். மேலே எட்வின் ஹாலம் இன்னும் ஏரிக்கரையில்தான் இருந்தார்.

பொலிசுக்கு யாரும் போனதாகத் தெரியவில்லை. ஆனால் போகவில்லை என்று நிச்சயமாகச் சொல்லவும் ஒருவரும் இல்லை. சாருஜன் வேலைக்குப் போக முதலும் வந்த பிறகும் அரசாங்கக் கடிதங்கள் வரும் டிஜிற்றல் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தான். விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. வந்தால் எதைக் கேட்டு வரும் என்ற பயத்தில், வராததே நல்லது என்ற நிலைக்கு வந்திருந்தான். மேனுஜாவோடு கதைத்தான், தேவையானதை மட்டும். ஷாமிலா மட்டும் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து, “ரீச்சர் உன்ரை கடிதத்தை வகுப்பிலை வாசிச்சுக் காட்டினவ. பேர் சொல்லேல்லை” என்று தமிழிலேயே சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மே மாதம் எல்சே போன் எடுத்தாள்.

“யெல்லிங் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு தாள் கொடுக்க வேண்டும். யென்ஸ் பேட்டரைப் பற்றி. என் கை நடுங்குகிறது. நீ வந்து எழுது.”

“நானா?”

“உன்னை விட்டால் அவனைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள் வேறு யாரும் இல்லை” என்றாள் எல்சே. குரலில் கனிவு இருந்ததாகச் சொல்ல முடியாது.

அதே மேசை. இந்த முறையும் கோப்பி இருந்தது. எல்சே சொல்லச் சொல்ல மேனுஜா எழுதினாள். பிறந்த வருடம் 1891. விரல்கள் போனது. 1911இல் கப்பல். மூன்று கடிதம். கடைசியில் மேனுஜா தானாகவே சேர்த்தாள்: ‘சிக்காகோவில் எச். பி. என்ற நகைக் கம்பனியில் வேலை செய்தார்.’

எல்சே தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். பேனாவைக் கேட்டாள். கடைசி வரியை நடுங்கும் கையால் வெட்டினாள்.

“அது எங்களுக்குத் தெரியாது. பெட்டிகளுக்கு முன்னால் நிற்கிறான். அவ்வளவுதான் தெரியும். அதை எழுது.”

மேனுஜா அதை எழுதினாள். மொத்தம் ஆறு வரி. வெள்ளைத் தாளில் மேலே ஒட்டிக்கொண்டு நின்றன. கீழே முழுக்க வெறுமை. அந்த வெறுமையைப் பார்க்க அவளுக்குக் கை துறுதுறுத்தது. மேசைக்குக் கீழே விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மிகவும் கொஞ்சமாக இருக்கிறது” என்றாள்.

“எங்களுக்குத் தெரிந்தவரை அவன் இருபத்திரண்டு வருடம்தான் இருந்தான்” என்றாள் எல்சே. “கீழே உன் பெயரைப் போடு. முழுப்பெயரும்.”